பித்தளை விலைக்குப் போன பாந்துய்ல்கள்

என் பள்ளித் தோழர் காலமானபோது நான் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தேன். கண்புரை அறுவை முடிந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, குனியக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்ற கட்டுப்பாட்டில் உட்கார்ந்திருந்த நேரம். தொலைபேசியில் அழுததோடு சரி. புதுச்சேரிக்குத் திரும்பி அவர் வீட்டுப் படியேற இரண்டு மாதம் ஆகிவிட்டது.

கூடத்தில் காலடி வைத்ததும் என் கண் போன இடம் மேற்குச் சுவர் அலமாரி. நாற்பது வருடமாக அங்கே ஏழு பாந்துய்ல்கள் வரிசையாக நின்றிருந்தன. இப்போது ஒன்றுதான் இருந்தது. மற்ற ஆறும் நின்ற இடத்தில் தூசியில்லாத ஆறு சதுரங்கள்.

"எங்கே அண்ணி?" என்றேன்.

"பெரியவன் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் ஆளைக் கூட்டி வந்து கொடுத்துட்டான் தம்பி. எல்லாம் நின்னுபோன கடிகாரம்தானேன்னான். தாத்தா சைகோன்லேர்ந்து கொண்டாந்தது மட்டும் இருக்கட்டும்னு நான்தான் பிடிச்சு வெச்சேன்."

ஆறும் சேர்த்து ஆறாயிரம் ரூபாய். வந்தவர் தராசு கொண்டு வந்திருக்கிறார். பித்தளை எடைக்கு ஒரு விலை, கண்ணாடிக்காகக் கொஞ்சம் கூடுதல்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் வீட்டிலும் ஏதாவது ஒரு சேகரிப்பு இருக்கும். தபால்தலை, நாணயம், வெற்றிலைப் பெட்டி, பழைய கிராமபோன் தட்டு. எனவே இதை ஒரு தனிப்பட்ட புலம்பலாக மட்டும் எழுதவில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தப்பு மகனுடையது அல்ல. தப்பு என் தோழருடையது, அதில் பாதி என்னுடையது.

எங்கள் கடிகாரங்களைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஆறாயிரம் ரூபாயில் என்ன குறை என்று கேட்பீர்கள்.

ஆங்கிலத்தில் கேரேஜ் கிளாக் என்பார்கள். நாங்கள் படித்த பிரெஞ்சில் 'பாந்துய்ல் து வுவாயாழ்', பயணக் கடிகாரம். இந்தச் சொல்லுக்காக வகுப்பில் நான் ஒருமுறை திட்டு வாங்கியிருக்கிறேன். பிரெஞ்சில் பாந்துய்ல் என்பதைப் பெண்பாலில் சொன்னால் கடிகாரம், ஆண்பாலில் சொன்னால் ஊசல், அதாவது பெண்டுலம். நான் பாலை மாற்றி எழுதிவிட்டேன். இதில் வேடிக்கை என்னவென்றால், பயண பாந்துய்லில் பெண்டுலமே கிடையாது. பெண்டுலம் வைத்த கடிகாரத்தைக் குதிரை வண்டியில் ஏற்றினால் முதல் பள்ளத்திலேயே நின்றுவிடும். அதனால் இதில் கைக்கடிகாரத்தில் இருப்பதுபோல் பேலன்ஸ் வீலும் ஹேர் ஸ்பிரிங்கும் இருக்கும். அவை ஒரு சின்னத் தகட்டின்மேல் படுக்கையாக அமைந்திருக்கும். மெக்கானிக்குகள் அதைப் பிளாட்பாரம் என்பார்கள். பெட்டியின் மேலே ஒரு கண்ணாடி ஜன்னல். அதன் வழியாகக் குனிந்து பார்த்தால் அந்தச் சக்கரம் போய்ப் போய் வருவது தெரியும். நான்கு பக்கமும் ஓரம் சரிவாகச் சீவிய கண்ணாடி, தலையில் ஒரு கைப்பிடி, வெள்ளை எனாமல் முகம். ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும்.

இதன் கதை பாரிஸில் தொடங்குகிறது. அபிரகாம்-லூயி பிரெகே சுவிஸ் நாட்டில் பிறந்து பாரிஸில் தொழில் செய்த கடிகார மேதை. 1798-இல் நெப்போலியன், அப்போது தளபதி பொனபார்த், எகிப்துக்குப் படையெடுத்துப் புறப்படும் முன் அவரிடம் ஒரு பயணக் கடிகாரம் வாங்கினான். ஆனால் பிரெகேயின் கடிகாரங்கள் அரசர்களுக்கும் தளபதிகளுக்கும்தான் எட்டும். ஓரளவு வசதியுள்ளவனும் வாங்கும்படி வரிசையாகச் செய்ய ஆரம்பித்தவர் போல் கார்னியே, 1830-ஐ ஒட்டி. அதற்குப் பிறகு முதல் உலகப்போர் வரை, எண்பது வருடத்துக்கு மேல், பிரான்சு இவற்றைச் செய்து உலகம் பூராவும் அனுப்பியது.

பாரிஸ் என்று முகத்தில் எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கும் இயந்திரம் பெரும்பாலும் பாரிஸில் பிறந்ததல்ல. நார்மண்டியில் தியெப் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சேன்-நிக்கொலா-தாலியெர்மோன் என்று ஓர் ஊர். ஒரே நீளமான தெரு உள்ள ஊர் என்று சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஊரே கடிகார வேலை செய்தது. ஒனொரே போன்ஸ் என்பவர் அங்கே இயந்திரங்களைக் கொண்டு வந்து தொழிலை நிமிர்த்தினார். இன்று அங்கே ஒரு கடிகார அருங்காட்சியகம் இருக்கிறது. இன்னொரு பக்கம், சுவிஸ் எல்லையை ஒட்டிய பிரான்ஷ்-கோந்தே மலைப்பகுதி. அரைகுறையாகச் செய்த இயந்திரங்கள் இந்த இடங்களிலிருந்து பாரிஸுக்குப் போகும். அங்கே பெட்டி போட்டு, முகம் வைத்து, சரிபார்த்து விற்பார்கள். துரொக்கூர், மார்கேன், ழாக்கோ எல்லாம் இந்தத் தொழிலில் பெரிய பெயர்கள். பின்தகட்டில் சின்னதாக முத்திரை இருக்கும். மார்கேனுக்கு ஒரு தேன்கூடு. துரொக்கூருக்கு டி, சி என்ற இரண்டு எழுத்துக்கு நடுவே ஒரு குட்டிப் பயணக் கடிகாரம். முத்திரையே இல்லாமல் வெறும் எண்ணோடு வந்தவையும் ஏராளம்.

என் தோழருடைய ஏழில் இரண்டு எளிய வகை, நேரம் மட்டும் காட்டும். மூன்று மணியடிக்கும். ஒன்று கிராண்ட் சொன்னரி. அது கால் மணிக்கு ஒருமுறை, கால் எத்தனை, மணி எத்தனை என்று இரண்டையும் அடிக்கும். அடியில் ஒரு சின்னக் கைப்பிடியைத் தள்ளினால் வாயை மூடிக்கொள்ளும். ஏழாவது, அவர் அப்பா சொல்தாவாக இந்தோசீனாவில் இருந்து திரும்பும்போது கொண்டு வந்த அலாரக் கடிகாரம். நம் ஊரில் சொல்தா குடும்பங்களில் இப்படி ஏதாவது ஒன்று மூலையில் கிடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

மணியடிக்கும் வகையில் மேலே ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் கடைசியாக அடித்த மணியை மறுபடி அடிக்கும். தீக்குச்சி தேடாமல் இருட்டில் நேரம் தெரிந்துகொள்ள அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. தானே புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த இரவுகளில் தோழர் இதைத்தான் பயன்படுத்தினார். "இப்பத்தான்டா இதுக்கு வேலை வந்திருக்கு" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

இன்னொரு விஷயம். பின்தகட்டில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு முள் இருக்கும். அதன் இருபக்கமும் ஏ, ஆர் என்று போட்டிருந்தால் 'அவான்ஸ்', 'ரெத்தார்'. அதாவது பிரெஞ்சுக்காரன் வாங்குவதற்காகச் செய்தது. எஸ், எஃப் என்று போட்டிருந்தால் ஸ்லோ, ஃபாஸ்ட். அது இங்கிலீஷ்காரனுக்காகச் செய்தது. தோழருடையதில் நான்கு எஸ்-எஃப். செய்தது பிரான்சில், விற்றது ஆங்கிலேயருக்கு, அவர் வாங்கியது மதராஸில். பிரெஞ்சு இந்தியாவில் வாழும் இருவர் பிரெஞ்சுக் கடிகாரத்துக்காக மூர் மார்க்கெட்டில் அலைந்தோம் என்று சிரித்துக்கொள்வோம். எங்கள் காலத்தில் அது பிரெஞ்சு இந்தியா இல்லைதான். ஆனாலும் பேச்சில் அப்படித்தான் வரும்.

என்னிடம் இரண்டே இரண்டு. யூ.டி.சி. சம்பளத்தில் அதற்குமேல் முடியாது. அதில் ஒன்றை நானே கெடுத்தேன். 1983 போகிக்கு வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களோடு அதையும் எடுத்து, பிராசோ போட்டு, கை வலிக்கத் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. தோழரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்தப் பெட்டியில் இருந்தது தங்க முலாம். நூறு வருடம் மங்காமல் இருந்ததை நான் ஒரு காலைப் பொழுதில் துணியில் துடைத்தெடுத்துவிட்டேன். மூலை இடுக்குகளில் மட்டும் இன்னும் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருக்கிறது. பித்தளை என்றால் தேய்க்க வேண்டும் என்பது நமக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். பழம்பொருளுக்கு அது எமன்.

அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. கடிகாரம் கீழே விழுந்தால் முதலில் உடைவது பேலன்ஸ் வீலின் ஊசிமுனை அச்சு. நம் கடற்கரைக் காற்றில் ஹேர் ஸ்பிரிங் துரு ஏறும். அதைச் சரிசெய்யப் பொறுமையும் கையும் வேண்டும். பதிலாக, பிளாட்பாரத்தையே கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை முடுக்கினால் ஒரே நாளில் ஓடும். பல கடிகாரங்களுக்கு இதுதான் நடந்திருக்கிறது. தகட்டில் எதற்கும் உதவாத பழைய திருகு ஓட்டைகள் இருந்தால் அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

"ஓடினால் போதாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் முப்பத்தாறு வருடம் கோப்பு பார்த்தவன். எனக்கு இது சர்வீஸ் புத்தகத்தில் நடுப்பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதுத்தாள் ஒட்டுவது போலத்தான். சம்பளம் வரும், ஆனால் ஆள் யார் என்பது போய்விடும். இந்தக் கடிகாரங்கள் உண்மையிலேயே தம் சர்வீஸ் புத்தகத்தை உள்ளே வைத்திருக்கின்றன. அந்தக் காலத்து மெக்கானிக்குகள் பழுது பார்த்ததும் தகட்டின் உள்பக்கத்திலோ வில் உருளையிலோ ஊசியால் பெயரையும் தேதியையும் கீறி வைப்பார்கள். என் கடிகாரம் ஒன்றில் அப்படி மூன்று கீறல்கள் இருக்கின்றன. ஒன்றைப் படிக்க முடிகிறது, 1911 என்று. யாரோ ஒரு மனிதர் அந்த வருடம் இதைத் திறந்து, துடைத்து, எண்ணெய் விட்டு, கையெழுத்துப் போட்டு மூடியிருக்கிறார்.

கடிகாரமே இப்படிப் பதிவு வைத்திருக்கும்போது அதைச் சேர்க்கிற மனிதன் ஒரு வரி எழுதி வைக்கவில்லை என்றால் என்ன சொல்வது? என் தோழருக்கு எல்லாம் மனப்பாடம். எதை எங்கே எந்த வருடம் என்ன விலைக்கு வாங்கினார், எதில் பிளாட்பாரம் மாறியிருக்கிறது, எது கிராண்ட் சொன்னரி, எல்லாம். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள் என்று ஒரே ஒருமுறை சொன்னேன். "நான் என்ன குமாஸ்தாவா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது, விட்டுவிட்டேன். நான் செய்த பாதித் தப்பு அதுதான். கோபப்படாமல் நானே உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். ஏழு கடிகாரத்துக்கு ஒரு மாலை போதும்.

மகன் பிரான்சில் இருக்கிறான். தொலைபேசியில் என்னிடம் பேசினான். "சித்தப்பா, அப்பா அதைத் தொடவே விடமாட்டார். இது என்னன்னு ஒருநாள்கூடச் சொல்லித் தந்ததில்லே. ஆறும் ஓடலை. அம்மா தனியா இருக்கப் போறாங்க, வீட்டைச் சுத்தப்படுத்தணும்னு நினைச்சேன்" என்றான். இதில் எந்த வார்த்தையைத் தப்பு என்று சொல்வது? சின்ன வயதில் அவன் அலமாரிப் பக்கம் வந்தால் தோழர் போட்ட சத்தத்தை நானே கேட்டிருக்கிறேன். நாம் ஒன்றைத் தொடாதே தொடாதே என்று முப்பது வருடம் சொல்லிவிட்டு, முப்பத்தோராவது வருடம் அவனுக்கு அதன்மேல் பாசம் இருக்க வேண்டும் என்றால் எப்படி வரும்?

நான் சொல்லவருவது பணத்தை அல்ல. எளிய வகைக் கடிகாரம் இன்று ஐரோப்பிய ஏலத்தில் சில நூறு யூரோவுக்குக் கிடைக்கிறது. முன்பைவிட விலை இறங்கித்தான் இருக்கிறது. நல்ல கிராண்ட் சொன்னரி என்றால் ஆயிரக்கணக்கில் போகும். அந்தக் கணக்கில் அண்ணிக்கு நஷ்டம்தான். ஆனால் அவர் அதற்காக வருந்தவில்லை. "அவர் கை பட்ட சாமான், யார் வீட்டுக்குப் போச்சுன்னாவது தெரிஞ்சா தேவலை" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இது நம் ஊர்ச் சொத்து, வெளியே போகவே கூடாது என்று சில நண்பர்கள் கொடி பிடிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கைப்பிடி வைத்துச் செய்த கடிகாரம், ஊர் ஊராகப் போவதற்கென்றே பிறந்தது. போகட்டும். ஆனால் இது என்ன என்று தெரிந்தவன் கைக்குப் போகட்டும். அதோடு ஒன்று, நூறு வயதைத் தாண்டிய பொருள்களுக்கு 1972-ஆம் ஆண்டுத் தொன்பொருள் சட்டம் இருக்கிறது. பிரான்சில் இருக்கும் பிள்ளைகள் பெட்டியில் போட்டு எடுத்துப்போகும் முன் தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது. விமான நிலையத்தில் நின்றுகொண்டு விளக்கம் சொல்வது கஷ்டம்.

அன்று நான் புறப்படும்போது அண்ணி ஒரு போர்ன்விட்டா டப்பாவை எடுத்து வந்தார். குலுக்கினால் சத்தம். திறந்தால் ஏழு சாவிகள். இந்தக் கடிகாரச் சாவிக்கு இரண்டு முனை. ஒரு முனை சாவி கொடுக்க, மறுமுனை முள்ளைத் திருப்ப. ஒன்றின் சாவி இன்னொன்றுக்குப் பெரும்பாலும் சேராது. ஒவ்வொன்றிலும் தோழர் ஒரு நூலில் அட்டைத் துண்டு கட்டி, கடிகாரத்தின் எண்ணை எழுதியிருந்தார். குமாஸ்தா இல்லை என்றாரே, அந்த மனிதர்.

ஆள் கடிகாரத்தைத் தூக்கிப் போனவர் சாவியைக் கேட்கவே இல்லை.

அந்த எண்களைக் குறித்துக்கொண்டு நான் கிளம்பினேன். பழைய சாமான் வியாபாரிகளை விசாரிக்க இரண்டு ஞாயிறு ஆனது. ஞாயிறு சந்தையில் ஒருவர் சொல்லி, கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு கிடங்கில் ஆளைப் பிடித்தேன். நான்கு விற்றுப்போய்விட்டன, கிராண்ட் சொன்னரியும் சேர்ந்து. யாருக்கு என்றால் "டூரிஸ்ட் சார்" என்றார். இரண்டு மிச்சம். ஒன்றில் மேல்கண்ணாடி நொறுங்கி, பிளாட்பாரம் இருந்த இடம் காலி. அதை எதற்கோ கழற்றிவிட்டார்கள். இன்னொன்று முழுசாக இருந்தது. மணியடிக்கும் கடிகாரம். பின்கதவைத் திறந்து எண்ணைப் பார்த்தேன், அட்டையில் இருந்ததே.

அங்கேதான் நான் முட்டாள்தனம் செய்தேன். ஆசையை அடக்க முடியாமல் பையிலிருந்து சாவியை எடுத்து, அவர் முன்னாலேயே மெதுவாக நான்கு சுற்றுக் கொடுத்தேன். தோழர் காலமாகும் முன் கடைசியாக யார் சாவி கொடுத்தாரோ, எண்ணெய் அவ்வளவாக உறையவில்லை போலும். பெட்டியை லேசாக ஒருமுறை திருப்பியதும் சக்கரம் அசைந்தது. ஓட ஆரம்பித்தது. மூவாயிரம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பதினான்காயிரம் என்றார். பேரம் பேசிப் பன்னிரண்டுக்கு முடித்தேன். தோழர் இருந்திருந்தால் என் சாமர்த்தியத்தைப் பற்றி ஒரு மாதம் பேசியிருப்பார்.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ஓடியது என்று அப்படியே ஓட விட்டிருக்கக் கூடாது. காய்ந்த எண்ணெயில் ஓடினால் அச்சுகள் தேயும். வீட்டுக்கு வந்ததும் நிறுத்தி, எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் ஆயில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். எழுபத்தெட்டு வயது, கை நடுக்கம் இன்னும் வரவில்லை. எதையும் மாற்றாதீர்கள், தேய்க்காதீர்கள், கழற்றும் பழைய உதிரி எதுவானாலும் என்னிடம் கொடுத்துவிடுங்கள் என்று காகிதத்தில் எழிதியே கொடுத்தேன். அவர் சிரித்தார். முடிந்ததும் தகட்டின் உள்பக்கம் ஊசியால் தேதியைக் கீறச் சொன்னேன். அதற்கும் சிரித்தார், ஆனால் கீறினார்.

கடிகாரத்தை அண்ணியிடம் கொண்டுபோனேன். அவர் கையில் வாங்கி, பொத்தானை அழுத்தினார். பதினொன்று அடித்தது. முழுசும் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார். "எனக்கு வாராவாரம் சாவி கொடுக்க ஞாபகம் இருக்காது தம்பி. உங்க வீட்டிலேயே இருக்கட்டும்."

அன்று இரவே நூறு பக்கப் பதிவேடு ஒன்று வாங்கிக் கோடு போட்டேன். வரிசை எண், கடிகார எண், முத்திரை, எழுத்து ஏ-ஆரா எஸ்-எஃப்பா, அடிக்கும் விதம், பிளாட்பாரம் பழையதா புதியதா, வாங்கிய இடம், விலை, கடைசி ஆயில் சர்வீஸ், சாவி இருக்கும் இடம், எனக்குப் பின் யாருக்கு. என் இரண்டையும் எழுதினேன். முதல் கடிகாரத்துக்கு எதிரே 'முலாம் போனது, 1983, என்னால்' என்றும் எழுதினேன். பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பின்கதவைத் திறந்து காட்டினேன். சக்கரத்தைவிட அவளுக்குச் சாவிதான் பிடித்திருந்தது. அவளையே சுற்ற விட்டேன். கடைசிப் பத்தியில் அவள் பெயரை எழுதும்போது அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன்.

மூன்றாவதற்கு: 'உரிமை அண்ணியுடையது. என்னிடம் பாதுகாப்பில்.' மற்ற ஐந்து சாவிகளும் அட்டையோடு அதே டப்பாவில், அந்தப் பதிவேட்டின் பக்கத்தில் இருக்கின்றன. எங்காவது சாவியில்லாத பயணக் கடிகாரம் ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், பின்தகட்டு எண்ணைக் குறித்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அண்ணி போன் செய்கிறார். "சாவி கொடுத்தாச்சா தம்பி?" என்பார். ஆச்சு என்பேன். போனைக் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்துப் பொத்தானை அழுத்துவேன்.